பாஸ்வேர்ட் மறந்துபோச்சா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். புரோகிராம்களை வெளியாட்களிடம் வைக்க வேண்டாம் என்று சொந்த சர்வரில் கிட்லேப் (புரோகிராம்களைச் சேமித்து வைத்து, சேர்ந்து வேலை செய்ய உதவும் மென்பொருள்) போட்டு ஓட்டுகிறோம். 16.5 வரிசையில் ஏதோ ஒரு பதிப்பு, போட்டதோடு சரி. போன வாரம் நான் கேட்காமலே ‘பாஸ்வேர்டை மாற்ற இங்கே சொடுக்கவும்’ என்று இரண்டு மெயில் வந்தன. நான் தொடவில்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: முதலில் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். உள்ளே போக முடிகிறதா? அப்படியானால் அந்த லிங்க்கை யாரும் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருந்தால் பழையது செல்லாமல் போயிருக்கும். மற்ற பதினொரு பேரையும் இப்படியே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், எப்போதோ உருவாக்கி யாருமே நுழையாத அட்மின் கணக்கு ஒன்று எல்லா ஆபீஸிலும் இருக்கும். அதை மறக்காதீர்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் பதிப்புதான். 16.1-ல், கூடுதலாகப் பதிந்து வைத்த இரண்டாவது மெயில் முகவரி வழியாகவும் பாஸ்வேர்டை மாற்றலாம் என்று ஒரு வசதி கொடுத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் ஒரு முகவரி வர வேண்டிய இடத்தில் இரண்டைச் சேர்த்துப் பட்டியலாக அனுப்பினால், பதிவில் இருக்கும் முகவரியை வைத்துக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டு, மெயிலை இரண்டுக்கும் அனுப்பியது மென்பொருள். மற்ற முகவரியும் அந்தக் கணக்குக்காரருடையதுதானா என்று பார்க்கவே இல்லை. தாக்குபவருக்கு உங்கள் மெயில் முகவரி தெரிந்தால் போதும். உங்களுக்கு வந்த அதே லிங்க் அவருக்கும் போகும். இது 2024 ஜனவரி 11 அன்று வெளியே வந்தது. ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. உங்கள் வரிசைக்கு 16.5.6-ல் சரிசெய்தார்கள்; உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் அப்டேட் செய்தாக வேண்டும்.

யாராவது சும்மா உங்கள் முகவரியைத் தட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. எது என்று லாக், அதாவது வந்த கோரிக்கைகளை சர்வர் எழுதிவைக்கும் பதிவு, சொல்லிவிடும். புரொடக்‌ஷன் ஜேசன் லாக் என்ற கோப்பைத் திறந்து, ‘யூசர்ஸ்/பாஸ்வேர்ட்’ என்ற பாதைக்கு வந்த கோரிக்கைகளைத் தேடுங்கள். ஈமெயில் என்ற இடத்தில் ஒரே ஒரு முகவரி இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். சதுர அடைப்புக்குள் இரண்டு முகவரி, அதில் ஒன்று முன்பின் தெரியாதது என்றால் இன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. எந்தக் கணக்காவது உண்மையிலேயே பறிபோயிருந்தால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. உள்ளே வந்தவர் தனக்கென்று பாஸ்வேர்ட் இல்லாமலே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியோ அக்சஸ் டோக்கனோ வைத்துவிட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்ட் மாறினாலும் அவை வேலை செய்யும். ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள்.

பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அவர்களுடைய பாஸ்வேர்டை மாற்ற முடிந்தது, ஆனால் இரண்டாவது எண் இல்லாமல் உள்ளே நுழைய முடியவில்லை. அப்டேட் செய்யும்முன் பேக்கப் எடுப்பீர்கள்; அதோடு ‘கிட்லேப் சீக்ரெட்ஸ்’ கோப்பையும் தனியாக நகலெடுங்கள். வழக்கமான பேக்கப்பில் அது சேராது. அது இல்லாமல் பேக்கப்பை மீட்டால் இரட்டைச் சரிபார்ப்பு எல்லோருக்கும் படுத்துவிடும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு பிஹெச்பி என்ற புரோகிராம் மொழியில் நானே ஒரு தளம் எழுதினேன். பாஸ்வேர்ட் மாற்றும் பகுதியில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2009-ல் ஒரு வாடிக்கையாளருக்குத் தளம் எழுதியபோது, ரீசெட் டோக்கனை (பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க்கில் போகும் ரகசியக் குறியீடு) மெயில் முகவரியையும் அந்த நொடியின் நேரத்தையும் ஒட்டி எம்டி5 என்ற சூத்திரத்தில் போட்டுத் தயாரித்தேன். 32 எழுத்து, பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பையன் கேட்டான்: “சார், நான் பட்டனை அழுத்தின நேரம் எனக்கே தெரியுமே?” முன்னும் பின்னும் சில நொடிகளைப் போட்டுப் பார்த்து, டீ ஆறுவதற்குள் என் அட்மின் கணக்கைத் திறந்து காட்டினான். பிஹெச்பி 7 முதல், யாரும் ஊகிக்க முடியாத மதிப்பைத் தரும் ‘ரேண்டம் பைட்ஸ்’ இருக்கிறது. அதில் 32 பைட் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கன் ஒரு முறைதான் செல்ல வேண்டும், அரை மணியில் காலாவதியாக வேண்டும், டேட்டாபேஸில் ஹேஷாக (திரும்பப் பிரித்தெடுக்க முடியாத வடிவமாக) மட்டும் வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இன்னொன்று: மெயிலில் போகும் லிங்க்கின் முன்பகுதி எங்கிருந்து வருகிறது? வந்த கோரிக்கையில் தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் தலைப்பிலிருந்து எடுத்தால், அதைத் தாக்குபவரே தன் தளத்தின் பெயராக மாற்றி அனுப்பலாம். மெயில் உங்கள் சர்வரிலிருந்தே போகும், உறுப்பினர் நம்பிச் சொடுக்குவார், டோக்கன் தாக்குபவர் கையில் விழும். தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸிலேயே 2017-ல் இதே குடும்பத்துப் பிரச்சினை வந்தது. அங்கே மாட்டியது லிங்க் அல்ல, அனுப்புநர் முகவரி. தளம் எழுத உதவும் இன்னொரு மென்பொருளான ஜாங்கோவில் அனுமதித்த ஹோஸ்ட்களைப் பட்டியலிடச் சொல்வதும் இதற்காகத்தான். நீங்கள் தளத்தின் முகவரியைக் கான்ஃபிக் கோப்பில் நேரடியாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: அதே தளத்தில் மெயில் வேண்டாம், ‘நீங்கள் படித்த பள்ளி எது?’ என்று கேட்டால் போதாதா? பெரியவர்களுக்குச் சுலபம் என்கிறார் செயலாளர்.

பதில்: 2008-ல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில ஆளுநராக இருந்த சாரா பேலினின் யாகூ மெயிலை ஒரு கல்லூரி மாணவர் திறந்தது இப்படித்தான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம். விடைகள் இணையத்திலேயே கிடைத்தன. உங்கள் சங்கத்திலோ இணையம்கூடத் தேவையில்லை, மாலையில் பெஞ்சில் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். செயலாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.