காகிதத்தில் உட்கார்வது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறேன். பழைய பொருள் சந்தையில் ஒரு விஷ்போன் நாற்காலி வாங்கினேன், முதுகுப்பக்கம் Y வடிவக் கட்டை உள்ள டேனிஷ் மரநாற்காலி. இருக்கையின் முன்விளிம்பில் கயிறு நைந்து இரண்டு மூன்று இடத்தில் அறுந்திருக்கிறது. அது காகிதக் கயிறாம். காகிதத்தில் போய் யாராவது உட்கார்வார்களா? ஊரில் கட்டில் பின்னுகிற நைலான் கயிற்றைப் போட்டுவிடலாமா? இது அசல்தானா? கென்னடி உட்கார்ந்தது இதில்தான் என்று விற்றவர் சொன்னார்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

கென்னடி உட்கார்ந்தது இதில் அல்ல. 1960இல் நிக்ஸனுடன் நடந்த தொலைக்காட்சி விவாதத்துக்குப் போட்டது, இதை வடிவமைத்த ஹான்ஸ் வெக்னரின் வேறொரு நாற்காலி. அசலா நகலா என்பதை விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம். உட்காரத்தானே வாங்கினீர்கள்?

நைலான் வேண்டாம். கட்டிலில் கயிறுகள் மேலும் கீழுமாகப் புகுந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டலாம். இந்த இருக்கையில் அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு சுற்றும் மூலையில் முந்தைய சுற்றின்மேல் படுத்து அதை அழுத்துகிறது, அவ்வளவுதான். தாங்குவது உராய்வு. நைலான் வழுக்கும், இழுபடும். முறுக்கிய கிராஃப்ட் காகிதம், அதாவது பொட்டலம் கட்டும் உறுதியான பழுப்புக் காகிதம், சொரசொரப்பானது, போட்ட இடத்தில் நிற்கும். 1950இல் கார்ல் ஹான்சன் நிறுவனம் இந்த நாற்காலியைச் செய்யத் தொடங்கிய நாள்முதல் காகிதக் கயிறுதான். காகிதம் என்றதும் செய்தித்தாளை நினைத்துவிட்டீர்கள்!

அறுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட முடியாது. ஓடும் கயிறு ஒன்றே. ஓரிடத்தில் விட்டால் பக்கத்துச் சுற்றுகளும் தளரும். முழுதும் பிரிக்கவேண்டும். சுமார் 120 மீட்டர் கயிறு பிடிக்கும். கைதேர்ந்தவர் ஒரு மணி நேரத்தில் பின்னுவார். உங்களுக்கு ஒரு முழுநாள்.

எல்லோரும் சறுக்குவது ஓரிடத்தில். சட்டத்தின் முன்கட்டை பின்கட்டையைவிட நீளம். நான்கு மூலையையும் ஒரே கணக்கில் சுற்றிக்கொண்டு போனால், பின்கட்டை நிரம்பியபிறகு முன்னால் சந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆகவே பின்கட்டையின் நீளத்தை அளந்து முன்கட்டையின் நடுவில் குறியுங்கள். இருபுறமும் மிஞ்சுவதை முதலில் நிரப்பவேண்டும். கயிற்று நுனியை இடப்பக்கக் கட்டையின் உட்புறத்தில் சிற்றாணியால் அடியுங்கள். முன்கட்டைக்கு மேலாகப் போய், அடியில் இறங்கி, நடுவில் மேலேறி, இடப்பக்கக் கட்டையைச் சுற்றுங்கள். பிறகு குறுக்கே வலப்பக்கம் போய் அதையே திருப்பிச் செய்து அங்கே ஆணி. குறி வரும்வரை இப்படித்தான். அதன்பிறகே நான்கு மூலையும் சுற்றுவது.

நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை கட்டைத்துண்டை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டி நெருக்குங்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மூலையில் கயிறு செங்கோணமாகத் திரும்பாவிட்டால் கோடு பாம்புபோல நெளியும். பத்துச் சுற்று கழித்து அதை நேராக்க யாராலும் முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். கயிற்றோடு கயிறு சேர்க்கும் முடிச்சுகள் எல்லாம் அடிப்பக்கத்தில்.

பிரம்பைப்போல ஊறப்போட்டுவிடாதீர்கள். பிரம்பு காயும்போது இறுகும்; காகிதம் ஊறினால் முறுக்கு விட்டுவிடும். துடைக்கும்போதும் நன்றாகப் பிழிந்த துணிதான். முன்விளிம்பு நைந்ததற்குத் தொடை உரசுவது ஒரு காரணம், ஜீன்ஸின் உலோகக் குமிழ் இன்னொன்று. கட்டையின் விளிம்பும் கூராக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்; இருந்தால் உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள்.

பழையதை அறுக்குமுன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கட்டையருகே கொண்டுபோகாமல் நடுவில் வெட்டுங்கள். பின்னி முடித்ததும் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். முழு நாற்காலி வேண்டாம், மூலைகள் போதும்.