6 வோல்ட் காருக்கு இண்டிகேட்டர்: பழைய கைகளைக் கழற்றாமலே போடலாம்

கேள்வி: என்னிடம் 1940களின் கடைசியில் வந்த செடான் கார் இருக்கிறது. 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்தது). திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் டிராஃபிகேட்டர் கைகள் இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் பின்னால் வருகிறவர்கள் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை. போன வாரம் நான் திரும்பும்போது ஒரு லாரி உரசப் பார்த்தது. மின்னும் இண்டிகேட்டர் வேண்டுமென்றால் முழு வண்டியையும் 12 வோல்ட்டுக்கு மாற்றி, கைகளைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார் வேலை செய்பவர். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றவும் வேண்டாம், கைகளைக் கழற்றவும் வேண்டாம். இண்டிகேட்டர் போடும் முடிவு சரியானது, அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கைக்குள் எரிவது வெறும் 3 வாட் பல்பு. இன்றைக்குப் பின்னால் வருகிறவரின் கண் வண்டியின் பின்மூலையில் மஞ்சள் விளக்கைத்தான் தேடும். கதவுத் தூணைப் பார்க்க அவருக்குத் தோன்றவே தோன்றாது.

முதலில் அந்த 12 வோல்ட் கதையைச் சொல்லிவிடுகிறேன். "6 வோல்ட்டுக்கு ஃப்ளாஷர் எங்கே சார் கிடைக்கும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஃப்ளாஷர் என்பது விளக்கை மின்ன வைக்கும் சின்ன டப்பி, பழைய வண்டிப் பாகங்கள் விற்பவர்களிடம் கிடைக்கிறது. மாற்ற ஒத்துக்கொண்டால் பாட்டரியோடு நிற்காது. காயில், ரெகுலேட்டர், எல்லா பல்புகளும், வைப்பர் மோட்டார், ஹார்ன், பெட்ரோல் மீட்டர் என்று நீளும். ஒவ்வொன்றையும் வாங்கித் தருகிறவருக்கு ஒவ்வொன்றிலும் கமிஷன். கழற்றிய கைகளை "இது குப்பை, நானே எடுத்துப்போய்விடுகிறேன்" என்பார். நல்ல நிலையில் உள்ள ஒரு ஜோடிக்காக அதே மாடல் வைத்திருப்பவர்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு வண்டியில் தூணில் இருந்த இரண்டு பள்ளங்களையும் தகரம் வைத்து மூடி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வண்டிக்குக் கைகளைத் திரும்பப் பொருத்த முடியவே இல்லை.

சரி, என்ன வாங்க வேண்டும்? பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, 21 வாட் மஞ்சள் விளக்கு. அளவில் சிறியது அழகாக இருக்கிறதென்று மோட்டார் சைக்கிளுடைய 10 வாட் விளக்கை வாங்காதீர்கள், பகல் வெயிலில் அது தெரியாது. 6 வோல்ட்டில் ஒரு 21 வாட் பல்பு மூன்றரை ஆம்பியர் இழுக்கும். ஒரு பக்கத்துக்கு 7 ஆம்பியர். ஃப்ளாஷரும் இதே கணக்குக்கு, அதாவது 6 வோல்ட், 42 வாட் என்று எழுதியதாக இருக்க வேண்டும். பழைய வகை ஃப்ளாஷருக்குள் இருப்பது சூடேறும் கம்பிதான்: கரன்ட் ஓடினால் சூடாகி இணைப்பைப் பிரிக்கும், ஆறினால் சேர்க்கும். கரன்ட் கணக்கு தப்பினால் மின்னும் வேகமும் தப்பும். நிமிடத்துக்கு 60-லிருந்து 120 முறைக்குள் மின்ன வேண்டும். "6/12 யுனிவர்சல்" என்று அச்சடித்த கிட்டை நான் நம்புவதில்லை.

எல்இடி பல்பும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷரும் எர்த் எந்தப் பக்கம் என்று பார்க்கும். சாதாரண பல்பும் சூட்டு ஃப்ளாஷரும் பார்க்காது. உங்களுக்குச் சாதாரண பல்பே போதும்.

கைகளையும் விளக்குகளையும் ஒரே ஸ்விட்சில் இயக்கலாம், ஆனால் ஃப்ளாஷரிலிருந்து வரும் வயரைக் கைக்குக் கொடுத்துவிடக் கூடாது. கை ஒவ்வொரு மின்னலுக்கும் படபடவென்று அடித்துக்கொண்டு, சில நாளில் உடையும். பழைய ஸ்விட்சிலிருந்து கைக்கு இப்போது போகும் வயர் அப்படியே இருக்கட்டும். அதே வயரிலிருந்து பக்கத்துக்கு ஒரு 6 வோல்ட் ரிலேயை (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) இயக்குங்கள். ஃப்ளாஷருக்குத் தனி ஃப்யூஸ் வழியாக கரன்ட் கொடுத்து, அதன் வெளி வயரை ரிலே வழியாக விளக்குகளுக்குக் கொண்டுபோங்கள். கை நீண்டபடி நிற்கும், விளக்கு மின்னும். 7 ஆம்பியரும் அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகப் போகாது. துணி சுற்றிய பழைய வயரில், கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை மாட்ட யாரையும் விடாதீர்கள். உள்ளே ரப்பர் ஏற்கெனவே பொடிப்பொடியாக இருக்கும்.

நூற்றுக்குத் தொண்ணூறு புகார் எர்த்தில்தான் முடிகிறது. மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவில் பெயின்டும் பீடிங் என்ற பட்டையும் இருக்கின்றன. அந்தத் தகரத்தை நம்பாமல் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸுக்குத் தனி எர்த் வயர் இழுங்கள், போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டிவிட்டு. 6 வோல்ட்டில் அரை வோல்ட் வழியிலேயே தொலைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அதனால் வயரும் 2 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? பல்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்வார்கள்: "தனி விளக்கு எதற்கு, இருக்கிற பிரேக் லைட்டையே மின்ன வைத்துவிடலாம்." அந்தக் காலத்தில் சில கம்பெனிகளே அப்படிச் செய்தன, உண்மைதான். ஆனால் அதற்கென்றே ஒரு ரிலே பெட்டி வைத்திருந்தார்கள். திரும்பும் பக்கத்தில் மட்டும் பிரேக் கரன்ட்டை வெட்டி, அதே இழையை ஃப்ளாஷருக்கு மாற்றிவிடும் பெட்டி அது. அது இல்லாமல் வயரை நேரே இணைத்தால், பிரேக் மிதித்ததும் விளக்கு மின்னாமல் நின்று எரியும். நாம் திரும்புவது பெரும்பாலும் பிரேக் மிதித்துக்கொண்டுதானே! பெட்டி இருந்தாலும்கூட, ஒரு பக்கம் சிவப்பு நிலையாக, மறுபக்கம் சிவப்பு மின்னிக்கொண்டு இருந்தால், இவர் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கிறார் என்றுதான் பின்னால் வருகிறவர் நினைப்பார். ஒரே ஒரு பிரேக் லைட் நடுவில் இருக்கும் வண்டிக்கு இந்தப் பேச்சே இல்லை. மஞ்சள் விளக்கைத் தனியாகவே போடுங்கள். பம்பர் போல்ட்டிலோ நம்பர் பிளேட் பட்டையிலோ தகடு வைத்துப் பிடித்தால் பாடியில் ஒரு துளைகூட வேண்டாம்.

எந்த ஆண்டு வண்டிக்கு எது கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. உங்கள் ஊர் விதியை அச்சில் பாருங்கள், தரகர் வாயால் கேட்காதீர்கள். புது வண்டிக்காக எழுதிய படிவத்தை வைத்துக்கொண்டு எழுபது வயது தாண்டிய வண்டியைச் சோதிக்கிறார்கள், அந்தக் கட்டத்தில் டிக் விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் "நான் பாஸ் பண்ணிக் கொடுக்கிறேன்" என்று ஒருவர் வந்து நிற்கிறார்.

வேலை முடிந்ததும் நடுப்பகல் வெயிலில், எஞ்சின் ஐடிலில் ஓட, ஹெட்லைட்டையும் போட்டு, பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டரைப் போடுங்கள். அந்த நேரத்தில்தான் டைனமோ கொடுப்பது குறைவு, கரன்ட் செலவு அதிகம். நாற்பது ஐம்பது அடி பின்னால் ஒருவரை நிறுத்தி, எந்தப் பக்கம் மின்னுகிறது என்று கேளுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால் வேலை இன்னும் முடியவில்லை, பணத்தை மிச்சம் வைத்தே கொடுங்கள்.