மரம் நட்டால் ஜெனரேட்டர் கணக்கு தீருமா?

கேள்வி: அறந்தாங்கி பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிறேன். ஆண்டுக்கு ஜெனரேட்டருக்கு 2,000 லிட்டர் டீசல், அதுபோக 12,000 யூனிட் மின்சாரம் ஆகிறது. பக்கத்திலேயே ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதில் 400 மரம் நட்டு, ‘கார்பன் இல்லா மண்டபம்’ என்று போர்டு வைக்கலாமா? இல்லை, அந்தப் பணத்தை சோலாரில் போடுவதா?

பதில்: போர்டு வேண்டாம். மரம் நடுங்கள், ஆனால் அது இரண்டாவது வேலை.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். (லிட்டரே ஒரு கிலோ எடை இல்லையே என்பீர்கள். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது.) நிலக்கரியை நம்பியிருக்கும் நம் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. டீசலில் 5.4 டன், மின்சாரத்தில் 8.4 டன், ஆக ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 14 டன்.

400 மரமும் பிழைத்து நின்று, மரத்துக்கு ஆண்டுக்கு 10 கிலோ இழுத்தால் 4 டன். உங்கள் மானாவாரி மண்ணுக்கு இதுவே தாராளக் கணக்கு. அதுவும் முதல் மூன்று நான்கு வருடம் கன்றுகள் இழுப்பது சொல்லிக்கொள்ளும்படி இராது.

அளவை விட எனக்குப் பெரிய கவலை, அது எத்தனை நாள் தங்கும் என்பதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவு உங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாய்ந்த மரத்தை எரித்தாலும் மட்கவிட்டாலும் அதிலிருந்த கரி (கார்பன்) திரும்பக் காற்றுக்குத்தான் போகும். டீசலோ பல கோடி ஆண்டுகள் பூமிக்குள் கிடந்தது. அதை எரித்துவிட்டு, ஒரு புயலுக்குத் தாங்காத பெட்டகத்தில் பூட்டிவைத்தேன் என்பது சரியான கணக்கு ஆகாது.

அதனால் முதலில் மின்விசிறிகளை எண்ணுங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். மின்சாரம் மிச்சப்படுத்தும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். 60 விசிறி மாற்றினால் 2.7 கிலோவாட் சுமை குறையும். அடுத்து ஜெனரேட்டர். பெரிய மெஷினைக் கால்வாசி சுமையில் ஓட்டுவது டீசலை வீணாக்கும் வழி. நிச்சயதார்த்தம், காதுகுத்து போன்ற சின்ன விசேஷங்களுக்குச் சின்ன ஜெனரேட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சோலார். 5 கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 7,000 யூனிட் தரும். முதல் வருடத்திலிருந்தே 5 டன் மிச்சம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். அது ஜெனரேட்டருக்கு மாற்று இல்லை. வீடுகளுக்கான மத்திய அரசு மானியம் மண்டபத்துக்குக் கிடைக்காது. முகூர்த்தம் இல்லாத நாளில் உங்கள் சோலாரிலிருந்து மின்வாரியக் கம்பிக்குப் போகும் யூனிட்டுக்கு என்ன விலை என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி அந்த ஒரு ஏக்கர். தைலமரம் வேண்டாம், சில வருடத்தில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பினால் கரி எங்கே தங்கும்? வேம்பு, புங்கம், இலுப்பை, நாவல், வாகை என்று கலந்து வையுங்கள். 400 நட்டுப் பாதியைக் காயவிடுவதை விட, 200 நட்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது மேல். மேற்குச் சுவரை ஒட்டிப் புங்கம் நின்றால் சாப்பாட்டுக் கூடத்தின் பிற்பகல் வெக்கை தணியும். சோலார் பலகை மேல் மட்டும் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்டு வைத்தே ஆக வேண்டுமென்றால், போன வருடம் எத்தனை லிட்டர் டீசல், இந்த வருடம் எத்தனை என்று எழுதி வையுங்கள்.