சீசனையும் ஒரு வேலையா மாத்திடாதீங்க தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு. மேடவாக்கத்துல இருக்கோம், ரெண்டு பசங்க, எனக்கு துரைப்பாக்கத்துல வேலை. பொங்கல் இப்பதான் முடிஞ்ச மாதிரி இருக்கு, அதுக்குள்ள புரட்டாசி வந்துருச்சு, நடுவுல என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்ல. நிதானமா வாழறது எப்படின்னு வீடியோ எல்லாம் பாத்து மண்பானை, டைரி, தொட்டிச் செடின்னு வாங்கிப் போட்டேன். செடி காஞ்சு போச்சு, டைரி அப்படியே கிடக்கு, அதைப் பாத்தாலே குற்ற உணர்ச்சியா இருக்கு. எங்க அம்மா கும்பகோணம் பக்கம் கிராமத்துல ஒவ்வொரு மாசத்துக்கும் ஒண்ணு ஒண்ணு செஞ்சுகிட்டு எவ்ளோ நிதானமா வாழ்ந்தாங்க. வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிடலாமான்னு தோணுது. வீட்டுக்காரர் "எல்லாருக்கும் இப்படித்தான், நீ ரொம்ப யோசிக்கிற"ங்கறார். நான் என்ன பண்ணட்டும்?
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: மேடவாக்கம் தங்கச்சிக்கு,

முதல்ல உங்க அம்மா விஷயத்தை பேசிடுவோம், ஏன்னா உங்க லெட்டர்ல எனக்கு உறுத்தின இடம் அதுதான். அம்மா நிதானமா இருந்தாங்கன்னு யாரு சொன்னா? சித்திரை வைகாசில கூழ் வத்தல் போடணும்னா விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு அடுப்புல நின்னு கூழ் கிண்டணும், வெயில் ஏர்றதுக்குள்ள மாடில வேட்டிய விரிச்சு பிழிஞ்சு முடிக்கணும், அப்புறம் காக்காக்கு காவல், சாயங்காலம் அள்ளி உள்ள வெக்கணும், மறுநாள் மறுபடி காயப் போடணும். மார்கழின்னா குளிர்ல வாசல் தெளிச்சு கோலம். தீபாவளின்னா முறுக்கு அச்சைப் பிடிச்சு பிடிச்சு கை வலி. இதெல்லாம் உங்களுக்கு நிதானமா தெரிஞ்சதுன்னா காரணம் ஒண்ணுதான், அப்ப நீங்க அந்த வேலையைச் செய்யல, பக்கத்துல உக்காந்து கூழை வழிச்சுத் தின்னுகிட்டு இருந்தீங்க. சந்தேகமா இருந்தா இன்னைக்கே அம்மாவுக்கு போன் போட்டு கேளுங்க, "அம்மா அப்பல்லாம் நீ சந்தோஷமா இருந்தியா, இல்ல அலுத்துப் போயிருந்தியா"ன்னு. ரெண்டும்னு சொல்வாங்கன்னு நினைக்கிறேன்.

நான் என்ன சொல்ல வரேன்னா, காலத்தை அனுபவிக்கறதுங்கற பேர்ல பொம்பளைங்க தலைல எப்பவும் ஒரு வேலையைத்தான் ஏத்தி விட்டிருக்கோம், நீங்களும் அதையேதான் உங்களுக்கு பண்ணிக்கிட்டீங்க. செடி வாங்கினா தினமும் தண்ணி ஊத்தற வேலை, டைரி வாங்கினா ராத்திரி வீட்டுப்பாடம், மண்பானைய ரெண்டு நாளைக்கு ஒருதரம் கழுவி வெக்கணும். ஏற்கனவே மூச்சு முட்டற ஆளுக்கு இன்னும் மூணு டியூட்டி. அது நீடிக்காதது உங்க குத்தமே இல்ல.

2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யறேன்னு சொன்னவங்களை மட்டும் எடுத்துக்கிட்டாலே பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம். அதாவது அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் கம்மி. இதுக்கு மேல உங்களுக்கு ஆபீஸ் வேற. இதுல வருஷம் எங்க போச்சுன்னு கேட்டா வேற எங்க போயிருக்கும்?

வேலைய விட்டுட்டு ஊருக்கு போற யோசனைக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். டெல்டால வளர்ந்த பொண்ணு உங்களுக்கு நான் சொல்லணுமா, ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களான்னு நியூஸைப் பாத்துக்கிட்டே இருக்கறதும், தண்ணி வந்தா நடவுக்கு ஆள் கிடைக்காம அலையறதும், அறுப்பு நேரத்துல மழை வந்துடுமோன்னு வானத்தைப் பாக்கறதும் நிதானமா என்ன? நிதானத்துக்கு காசும் வேணும். இங்க கடலுக்கு வருஷா வருஷம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லீவு விடறாங்க இல்ல, மீன்பிடித் தடைக்காலம், முன்ன 45 நாளா இருந்ததை 2017-ல கூட்டினாங்க. மீன் முட்டை போட்டு பெருகட்டும்னு விசைப்படகை எல்லாம் கரைல கட்டிடறாங்க. நல்ல ஏற்பாடுதான், ஆனா அந்த ரெண்டு மாசம் மீனவர் வீட்ல அடுப்பு எரியணுமேன்னு நிவாரணத் தொகைன்னு ஒண்ணு கொடுக்கறாங்க, அதுவே பத்தலங்கறாங்க. உங்களுக்கு அது கூட யாரும் தரப் போறதில்ல, ஈ.எம்.ஐ. மட்டும் மாசம் 5-ஆம் தேதி கரெக்டா வரும். கையில ஒரு வருஷத்துக்கு காசு சேர்த்து வெச்சுட்டு அப்ப யோசிங்க, தப்பில்ல.

சரி, என்னதான் பண்றது. நான் சொல்றது சின்ன விஷயம். நம்மாளுங்க வருஷத்தை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ரெண்டு ரெண்டு மாசமா ஆறா பிரிச்சு வெச்சிருந்தாங்க. சென்னைல ஏது ஆறு, வெயில், அதிக வெயில், ரொம்ப அதிக வெயில்னு மூணுதான்னு ஜோக் அடிப்பாங்க, அடிக்கட்டும். அந்த ஒவ்வொரு ரெண்டு மாசத்துக்கும் ஒரே ஒரு விஷயத்தை பிடிச்சுக்கங்க. அது நீங்க கை வெக்காம தானா நடக்கறதா இருக்கணும், நீங்க போற வழியிலேயே இருக்கணும், அதுக்காக ஒரு ரூபாய்க்கு எதுவும் வாங்கக் கூடாது. காலைல எந்திரிச்சதுலேர்ந்து எல்லாருக்கும் நீங்க வேணும், பசங்களுக்கு, மேனேஜருக்கு, கேஸ்காரருக்கு, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புக்கு. நீங்க இல்லாட்டியும் தன் பாட்டுக்கு நடக்கற ஒண்ணை நின்னு பாக்கறதுல ஒரு நிம்மதி இருக்கு, மத்தவங்களை விட உங்களை மாதிரி ஆளுக்குத்தான் அது அதிகம் வேணும்னு நினைக்கிறேன்.

இப்ப புரட்டாசி. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வெளிய வர்றப்ப தலைக்கு மேல தட்டான் கும்பலா சுத்துதான்னு பாருங்க. தட்டான் தாழப் பறந்தா மழைன்னு உங்க ஊர்லயும் சொல்லியிருப்பாங்க. இதே நேரத்துல பருவக்காத்தோட சேர்ந்து கடலையே தாண்டிப் போற தட்டான் இனம் ஒண்ணு இருக்கு, இந்தியாலேர்ந்து கிளம்பி மாலத்தீவு வழியா ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுங்கறாங்க. விரல் நீளம் கூட இல்லாத பூச்சி! பஸ்ஸுக்கு நிக்கற நேரத்துல பாத்தா போதும்.

அடுத்து மழை. மழையை ரசிங்கன்னு உங்களுக்கு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் பாத்த ஏரியா, ரெட் அலர்ட்னு சொன்ன உடனே காரை வேளச்சேரி பாலத்து மேல கொண்டு போய் நிறுத்தறவங்க பக்கத்துல இருக்கீங்க. அதனால மழையை விடுங்க, மழை நின்ன பிறகு பள்ளிக்கரணையை பாருங்க. ரேடியல் ரோடுல தினமும் அதைத் தாண்டித்தானே போறீங்க. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, இன்னொரு பக்கம் 2022-ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கறது நம்ம ஊரால மட்டும்தான் முடியும். கார்த்திகை மார்கழி வாக்குல அங்க ஊசிவால் வாத்து வந்து இறங்கும், வடக்கே எங்கேயோ பனி கொட்டற தேசத்துலேர்ந்து. சில வருஷம் பூநாரையும் கும்பலா நிக்கும். டிராஃபிக்ல வண்டி நிக்கறப்ப போனை எடுக்காம தண்ணிப் பக்கம் திரும்பிப் பாருங்க. பேர் தெரியணும்னு அவசியம் இல்ல, பேர் தெரிஞ்சுக்கணும்னு புக் வாங்கினீங்கன்னா மறுபடி வேலை ஆரம்பிச்சுடும். பசங்களுக்கு லீவு இருந்தா, வேடந்தாங்கலுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வரலாம், ஆனா அதையும் பிளான் போட்டு டப்பா கட்டி ஒரு புராஜெக்ட் ஆக்கறதா இருந்தா வீட்லயே படுத்துத் தூங்கறது உத்தமம்.

மார்கழி கோலத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சென்னைல ஜூன்ல 5:40 வாக்குல உதிக்கற சூரியன் ஜனவரில 6:30 தாண்டித்தான் வருது, சூரியனே லேட்டா வர்றப்ப நீங்க மட்டும் ஏன் நாலரைக்கு அலாரம் வெக்கறீங்க? பிடிச்சா போடுங்க, அடுத்த வீட்டு அக்கா போடறாங்கன்னு போடாதீங்க. நடந்து போய் மத்தவங்க கோலத்தைப் பாருங்க, அதுக்குத்தானே அவங்க வாசல்ல போட்டிருக்காங்க.

தை மாசிக்கு நான் சொல்றது ஆமை. பங்குனி ஆமை ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் நம்ம கடற்கரைல ராத்திரில ஏறி வந்து மணலைத் தோண்டி ஒரு குழில நூறு முட்டை கிட்ட போட்டு மூடிட்டு திரும்பிப் பாக்காம போயிடும். 1988-லேர்ந்து மாணவர்கள் சேர்ந்து நீலாங்கரைலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி ராத்திரி நடந்து அந்த முட்டையை எடுத்து வேலி கட்டின இடத்துல பத்திரமா புதைச்சு வெக்கறாங்க. குஞ்சு வெளிய வர 45 நாள் கிட்ட ஆகும், அதுல யாரும் அவசரப்படுத்த முடியாது, மணல் எவ்ளோ சூடு இருக்கோ அதைப் பொறுத்து அது ஆணா பெண்ணாங்கறது கூட மாறும். மார்ச் ஏப்ரல்ல குஞ்சு விடற சாயங்காலம் பெசன்ட் நகர் பக்கம் போனா நீங்களும் ஓரமா நின்னு பாக்கலாம். உள்ளங்கைல அடங்கற குஞ்சு, அலை தூக்கி பின்னாடி போடும், திரும்ப நகரும், மறுபடி தூக்கிப் போடும். உங்க சின்னப் பையனைக் கூட்டிட்டுப் போங்க, வீடியோ எடுக்காம பாக்க அவனுக்கு ஒரு பந்தயம் கட்டுங்க.

பங்குனி சித்திரைல வேப்பம்பூ. உங்க தெருவுல ஒரு வேப்பமரமாவது இருக்கும், அந்த வாசனை விடியக்காலைலயும் ராத்திரியும்தான் நல்லா தெரியும், பகல்ல பெட்ரோல் புகைல போயிடும். குப்பை கொட்டிட்டு வர்றப்ப கொஞ்சம் நில்லுங்க. சித்திரை ஒண்ணாம் தேதி பச்சடிக்கு ஒரு கைப்பிடி பொறுக்கினா போதும், மிச்சத்தைக் காய வெச்சு டப்பால போடணும்னு ஆரம்பிக்காதீங்க, அது கடைலயே கிடைக்குது.

அக்னி நட்சத்திரத்துல ரசிக்க என்ன இருக்குன்னு கேப்பீங்க. கடக்காத்து இருக்கே. மத்தியானத்துல தரை கொதிச்சு அங்க காத்து மேல ஏற, கடல் பக்கத்துலேர்ந்து குளிர்ந்த காத்து உள்ள வரும், மேக்காத்து பலமா அடிச்சா அது லேட்டாகும், லேட்டான அன்னைக்குத்தான் சென்னைல 40 டிகிரிய தாண்டும். கடலோரத்துல முதல்ல வரும், மேடவாக்கத்துக்கு கொஞ்சம் லேட்டா வரும். எத்தனை மணிக்கு ஜன்னல் திரை ஆடுதுன்னு சனி ஞாயிறுல பசங்களை பாத்து சொல்லச் சொல்லுங்க. ஆனி ஆடிக்கு தள்ளுவண்டில நாவப்பழம், நாக்கு ஊதாவாகற வரைக்கும். அதுக்கு மேல அந்த ரெண்டு மாசத்துல எனக்கு பெருசா எதுவும் தோணல.

இதை விட முக்கியமானது இன்னொண்ணு இருக்கு. சீசனுக்கு ஒரு விஷயத்தை சேர்க்கறப்ப ஒரு வேலையைக் கழிச்சே ஆகணும், இல்லன்னா இது நடக்கவே நடக்காது. மழைக்காலத்துல அயர்ன் பண்றதை நிறுத்துங்க, கசங்கின சட்டைய போட்டுக்கிட்டு போகட்டும், யாருக்கு என்ன. தீபாவளி பலகாரம் கடைல வாங்குங்க. கொலு வெக்கறதா இருந்தா சுண்டல் பொறுப்பு வீட்டுக்காரருக்கு, ஊற வெக்கறதுலேர்ந்து. கோடை லீவுல பசங்களை நாலு கேம்ப்ல சேர்த்து நாலுக்கும் நீங்களே வண்டி ஓட்ட வேணாம். எதை விடலாம்னு முடிவு பண்றப்ப உங்களுக்குப் பிடிச்சதை முதல்ல விட்டுடாதீங்க, நாம எல்லாரும் பண்ற காரியம் அதுதான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன். நடந்தது ஞாபகம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அது வெறும் அவசரத்தாலயும் இருக்கலாம். ஆனா வாரக்கணக்கா தூக்கம் சரியில்ல, காரணம் இல்லாம அழுகை வருது, முன்ன பிடிச்சது எதுவுமே இப்ப பிடிக்கலன்னா தட்டானும் ஆமையும் அதுக்கு மருந்து கிடையாது. டாக்டரைப் பாருங்க, ரத்தசோகை, தைராய்டு ரெண்டுக்கும் டெஸ்ட் எடுங்க, நம்ம வயசுப் பொம்பளைங்களுக்கு அதுவே பாதி சோர்வைக் கொடுக்கும். மனசு விட்டுப் பேசணும்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம்.

வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பக்கத்தைக் கொடுங்க. நீங்க ரொம்ப யோசிக்கறீங்கன்னு அவர் சொல்றது சரிதான், வீட்ல எண்ணெய் எப்ப தீருது, ஃபீஸ் எப்ப கட்டணும், மாமியாருக்கு மாத்திரை எத்தனை மிச்சம் இருக்குன்னு எல்லாத்தையும் நீங்களே யோசிச்சுக்கிட்டு இருந்தா ரொம்பத்தான் யோசிக்கணும். அதுல மூணை அவர் யோசிக்கட்டும். எந்த மூணுன்னு அவரே எடுத்துக்கட்டும். வருத்தம் இருந்தா எனக்கு எழுதச் சொல்லுங்க, ஆம்பளைங்க லெட்டர் இந்தப் பக்கத்துக்கு வர்றதே அபூர்வம், கண்டிப்பா பதில் போடறேன்.