ஓட்டு வீட்டுக் கூடத்தில் கலங்கலாக விழும் குடும்பப் படம்

குடியாத்தத்துப் பழைய ஓட்டு வீட்டில் பாட்டியோடு 7 பேரை எடுத்தால் படத்தில் குழந்தைகள் கலங்கலாக விழுகிறார்கள், பின்வரிசை ஃபோகஸில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது, ஃபோகஸ் ஆழம் குறைவு), ஷட்டர் 1/30 (வெளிச்சம் விழும் நேரம், நொடியில்; நீண்டால் அசைவு கலங்கும்), ஐஎஸ்ஓ 400 (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) என்றால் அப்படித்தான் வரும்; லென்ஸில் கோளாறு இல்லை. குழந்தைகளுக்கு ஷட்டரை 1/125-ஐ விட மெதுவாக வைக்காதீர்கள், இரண்டு வரிசைக்கு எஃப் 4 வையுங்கள். ஆனால் அதே இடத்தில் இதற்கு ஐஎஸ்ஓ 8000 கேட்கும், படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

அதனால் முதலில் ஆட்களை நகர்த்துங்கள். உள்சுவரை விட்டு வாசலுக்கு நாலைந்து அடி உள்ளே, முகம் தெருவைப் பார்க்க உட்காரட்டும். கதவை முழுக்கத் திறந்துவிட்டு நீங்கள் திண்ணைப் பக்கம் ஓரமாக, வெளிச்சத்தை மறைக்காமல் நில்லுங்கள். நம்ம வேலூர் வெயில் தெருவில் பட்டுத் திரும்புவதே தாராளம். நேர் வெயில் உள்ளே விழும் நேரம் மட்டும் வேண்டாம். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே முகத்தில் இரண்டு நிறம். ("இருட்டுல என்னப்பா எடுக்கற?" என்று என் பாட்டி திட்டினார், உங்களுக்கும் கிடைக்கும்.) முன்னால் தரையில் வெள்ளை வேட்டி விரித்தால் முகவாய் நிழல் குறையும்.

அப்புறம் ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள், புள்ளி தெரிந்தால் தெரியட்டும். 7 பேரும் கண் திறந்த ஒரு படம் கிடைக்க, தொடர்ச்சியாகக் குறைந்தது பத்துப் படமாவது எடுங்கள்.