கற்காலத்தில் எந்தக் காலம்?

கேள்வி: மனித உடல் கற்காலத்தில் இறைச்சி தின்று உருவானது. விவசாயம் வந்து பத்தாயிரம் ஆண்டுகளே ஆவதால் மரபணு மாறியிருக்க வாய்ப்பில்லை. எனவே தானியம், பால், இனிப்பு, பொட்டலத் தின்பண்டம் ஆகிய நான்கையும் விட்டேன். ஆறு கிலோ குறைந்தேன். எல்லோரும் முன்னோர் உணவுக்குத் திரும்புவதுதானே அறிவியல்?

பதில்: வெந்த தானியத்தை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்று பாருங்கள், மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இனிப்பு அது. அந்த நொதிக்கான மரபணு சிம்பன்சியிடம் இரண்டே நகல்கள். மனிதரில் ஆளுக்கு ஆள் வேறுபட்டு, பலரிடம் ஆறு, எட்டு, பத்து என்று இருக்கிறது. மாவுச்சத்தை மிகுதியாக உண்டுவந்த மக்களிடம் சராசரி கூடுதல் என்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. தானியத்தை அந்நியப் பொருளாகக் கருதும் உடலுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

பத்தாயிரம் ஆண்டு போதாது என்ற கணக்கும் பாலிடம் தோற்றுவிடுகிறது. பால்குடி மறந்தபின், பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதியின் சுரப்பு குறைவதே பாலூட்டிகளின் வழக்கம். ஆனால் கால்நடை வளர்த்த மக்களிடையே, ஐரோப்பாவில் ஒரு மரபணு மாற்றமும் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறு மாற்றங்களும் தனித்தனியே பரவி, வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் திறனைத் தந்தன. அனைத்தும் நீங்கள் குறிப்பிடும் அதே காலத்துக்குள் நடந்தவை. உலகில் பெரியவர்கள் மூவரில் ஏறத்தாழ இருவருக்கு இன்றும் அந்தச் சுரப்பு குறைவுதான் என்பதால், பால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். அது உங்கள் வழிவந்த மரபைப் பொறுத்தது. 'எல்லோரும்' என்ற சொல் அங்கே நிற்காது.

முன்னோர் என்கிறீர்களே, எந்த முன்னோர்? இஸ்ரேலில் கலிலேயக் கடல் எனப்படும் ஏரியின் கரையில் ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்திருக்கிறார்கள். ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த, நியாண்டர்தால் என்னும் அழிந்துபோன மனித இனத்தின் பற்களின் காறையில் வெந்த மாவுத்துகள்கள் ஒட்டியிருந்தன. கிரீன்லாந்தின் இனுயிட் மக்களோ கடல் விலங்குகளின் கொழுப்பிலேயே வாழ்ந்து, அதற்கேற்ப மரபணுவும் மாறப்பெற்றவர்கள். எலும்பு மண்ணில் நிலைக்கும், கிழங்கு மக்கிப்போகும். கற்கால மனிதன் இறைச்சியே தின்றான் என்ற தோற்றத்தில் இதற்கும் பங்குண்டு.

உங்கள் ஆறு கிலோவை நான் மறுக்கவில்லை. நான்கையும் ஒரே நாளில் விட்டுவிட்டு, இனிப்புக்கும் பொட்டலத்துக்கும் உரிய பழியைத் தானியத்தின் தலையில் ஏற்றுகிறீர்கள்.