முதல் சுற்றைக் கடைசியாகக் கற்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கைவேலைகளைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் குடியிருப்பில் சில பெண்கள் சேர்ந்து சனிக்கிழமை மாலைகளில் கைவேலை பழகுகிறோம். இப்போது மணி கோத்துப் போடும் குரோஷா வளையல் நடக்கிறது. சாதாரணக் குரோஷா எனக்கு நன்றாகத் தெரியும்; மேசைவிரிப்பும் குழந்தைத் தொப்பியும் நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் இதில் மூன்றாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை. மணிகள் உள்ளே போய்விடுகின்றன. அடுத்த மணி எது என்றே தெரிவதில்லை. எல்லோருக்கும் கருநீலப் பொடி மணிதான் கொடுத்தார்கள். எனக்கு இடதுகைப் பழக்கம். "இடதுகைக்காரர்களுக்கு இது வராது" என்று குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். குழுவை விட்டுவிட்டு வீட்டிலேயே வீடியோ பார்த்துப் பழகலாமா? வளையலில் என் மகளின் பெயரைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. அதற்கு வழி உண்டா?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

குழுவை விட வேண்டாம். உங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. மேசைவிரிப்பு போட்ட கை, நூலை இழுத்துப் பிடிப்பதிலும் ஊசியைத் திருப்புவதிலும் ஏற்கெனவே பழகிய கை. உங்களைத் தடுப்பது, இந்த வேலையின் மிகக் கடினமான பகுதியை, அதற்குச் சற்றும் பொருந்தாத மணியைக் கொண்டு, முதல் நாளிலேயே செய்யச் சொன்னதுதான்.

மணிக் குரோஷாவில் தொடக்கம்தான் கடினம், நடுப்பகுதி எளிது. மணிகளை முதலிலேயே நூலில் கோத்துக்கொண்டு, கொக்கியுள்ள ஊசியால் குழலாகப் பின்னும் வேலை இது. ஆறு மணிச் சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு மணி என்றால், மணியோடு சேர்த்து ஆறு சங்கிலி போட்டு, அதை வளையமாக இணைத்து, அதன்மேல் ஸ்லிப் தையலாகவே (நூலை இரண்டு கண்ணியிலும் ஒரே இழுப்பில் இழுக்கும் தையல்) சுற்றிச் சுற்றிப் போகிறோம். முதல் மூன்று நான்கு சுற்றுகள் வரை அது குழலாகவே தெரியாது. தொளதொளவென்று முறுக்கிக்கொண்டு, உள்ளே எது வெளியே எது என்று புரியாத ஒரு முடிச்சாகத்தான் இருக்கும். அனுபவம் உள்ளவர்களும் அந்த இடத்தில் பொறுமையாகத்தான் போடுவார்கள். குழல் நிற்பதற்காக ஒரு ஸ்ட்ராவையோ பென்சிலையோ நடுவில் செருகிக்கொண்டு போடுகிறவர்களும் உண்டு. ஒரு விரற்கடை நீளம் வளர்ந்துவிட்டாலோ மணிகள் தாமாகவே வரிசையில் நிற்கத் தொடங்கும், கடைசிச் சுற்றின் மணிகள் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறு திசையில் திரும்பி நிற்பது கண்ணுக்குத் தெரியும், அடுத்து ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதில் ஐயம் வராது.

ஆகவே, அடுத்த சனிக்கிழமை உங்கள் ஆசிரியையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பத்துச் சுற்று அளவுக்கு அவரே போட்டு, மணி கோத்த நூலோடு அதை உங்கள் கையில் கொடுக்கட்டும். அதில் நீங்கள் தொடர்ந்து போடுங்கள். தையல் கைக்கு வந்து, சரியான குழல் எப்படி இருக்கும் என்று கண்ணும் பழகிய பிறகு தொடக்கத்தைக் கற்றுக்கொண்டால், எதை நோக்கிப் போகிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடியோவால் இதைச் செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரால்தான் தொடங்கிய வேலையைக் கையில் கொடுக்க முடியும். குழுவில் இருப்பதன் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். பல குழுக்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் சிக்கி, ஒரே நேரத்தில் சோர்ந்துபோகிறார்கள்; அந்த ஏற்பாடு மாற வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அடுத்தது மணி. ஒரே நிறத்தில், அதிலும் கருநீலத்தில், புதிதாகப் பழகுகிறவருக்குக் கொடுக்கவே கூடாது. ஆறு மணிச் சுற்றுக்கு ஆறு நிறம் எடுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, நீலம், ஆரஞ்சு என்று ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பக் கோத்துக்கொண்டால், சிவப்பு மணி எப்போதும் சிவப்பின்மேல்தான் உட்கார வேண்டும். மஞ்சளின்மேல் சிவப்பு வந்து நின்றால் எங்கோ ஒரு தையல் தவறியிருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். இரண்டு தையலைப் பிரித்தால் போதும். கருநீலத்தில் அதே பிழை, இருபது மணி தாண்டிய பிறகு, குழல் ஒரு பக்கம் சுருங்கும்போதுதான் தெரியவரும்.

அளவும் முக்கியம். மணியின் எண் கூடக்கூட அளவு சிறியதாகும். உங்களுக்குக் கொடுத்த பொடி மணி 11/0 ஆக இருக்கலாம். அது 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பழகுவதற்கு 8/0, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், அல்லது அதைவிடப் பெரிய 6/0 எடுங்கள். ஜப்பானின் மியூக்கி, டோஹோ மணிகள் அளவில் ஒன்றுபோல் இருக்கும். பனாரஸிலும் புர்தில்நகரிலும் செய்யப்படும் நம் நாட்டுக் கண்ணாடி மணிகள் எனக்கு மிகவும் பிடித்தவை, மாலைக்கு அவற்றின் ஏற்ற இறக்கமே அழகு. ஆனால் முதல் குழலுக்குச் சீரான மணி இருந்தால், பிழை உங்களுடையதா மணியுடையதா என்ற குழப்பம் இராது.

மணி உள்ளே போவதற்கு வருகிறேன். ஊசியை முந்தைய சுற்றில் அடுத்து வரும் மணியின் நூலுக்குள் நுழைத்தவுடன், அந்தப் பழைய மணியை ஊசியைத் தாண்டி மறுபுறம் தள்ளிவிட வேண்டும். வலதுகைக்காரர் வலப்பக்கம் தள்ளுவார். நீங்கள் இடப்பக்கம் தள்ளுவீர்கள். பிறகு நூல் அந்த மணிக்கு மேலாகக் கடந்து வர வேண்டும். அதன்பின் புதிய மணியை ஊசி வரை இறக்கி, அதற்கு அப்பால் உள்ள நூலைக் கொக்கியில் பிடித்து, இரண்டு கண்ணியிலும் சேர்த்து இழுக்க வேண்டும். பழைய மணியைத் தள்ளாமல் இழுத்தாலோ, நூல் அதற்குக் கீழாகப் போனாலோ, அந்த மணி பூட்டப்படாமல் குழலுக்குள் விழுந்துவிடும். ஒவ்வொரு தையலிலும் இழுப்பதற்கு முன் ஒரு நொடி நிறுத்தி, நூல் மணிக்கு மேலே கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேலையைக் கீழே வைக்கும்போது கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள். ஸ்லிப் தையல் இரக்கமில்லாமல் பிரிந்துகொண்டே போகும்.

இடதுகைக்கு இது வராது என்பது உண்மை இல்லை. சொன்னவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்திருக்கலாம்; அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழாகத்தான் தோன்றும். ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்காராமல் நேர் எதிரே உட்காருங்கள். அவருடைய வலதுகை உங்கள் இடதுகைக்கு நேராக இருக்கும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பின்தொடரலாம். வீட்டில் வீடியோ பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதையும் இடவலம் திருப்பிப் பாருங்கள். உங்கள் குழல் வலதுகைக்காரரின் குழலுக்கு எதிர்த்திசையில் சுழலும், அவ்வளவுதான். கோடும் சுழலும் கொண்ட வடிவங்களில் அதனால் எந்தக் கேடும் இல்லை.

எழுத்தில் மட்டும் கேடு உண்டு. எதிர்த்திசையில் போடும்போது எழுத்து இடவலம் மாறிவிடும். மணியைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கோத்தாலும் அது சரியாகாது, தலைகீழாகத்தான் ஆகும். கட்டத் தாளில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் வரைந்துகொண்டு, அதைப் பார்த்துக் கோக்க வேண்டும். கடைசியாகக் கோத்த மணிதான் முதலில் வேலைக்கு வரும் என்பதால், ஒருவர் வரிசையை வாசிக்க இன்னொருவர் கோப்பது நல்லது. ஆறு மணிச் சுற்று வளையலுக்கே 11/0 மணி 600 அளவுக்கு வேண்டியிருக்கும். தனியாக எண்ணினால் தப்பும். தவறான மணி நடுவில் வந்துவிட்டால் நூலை அறுக்காதீர்கள். மணியின் துளைக்குள் தடித்த தையல் ஊசியைச் செருகி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக உடையும்படி அழுத்துங்கள். அப்போது சில்லு நூலை வெட்டாது. கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி அவசியம்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட உதுமானிய (துருக்கி) படைவீரர்கள், முகாம்களில் இருந்தபடி மணிக் குரோஷாவில் பாம்புகள் செய்து விற்றார்கள். பலவற்றின் உடம்பில், துருக்கிக் கைதிகள் என்று ஆங்கிலத்தில், ஆண்டோடு சேர்த்து மணியாலேயே எழுதியிருக்கும். சிலவற்றில் எழுத்து விட்டுப்போயிருக்கும், திரும்பியிருக்கும். பழக்கம் இல்லாத எழுத்தை, நூலில் வரிசையாகக் கோத்த நிலையிலேயே முழுதாகக் கணக்கிட்டுச் செய்த அவர்களுடைய உழைப்பை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது. அந்தப் பாம்புகள் பருத்தவை என்பதைக் கவனியுங்கள். ஆறு மணிச் சுற்றில் ஒரு பார்வைக்கு மூன்று மணி அகலம்தான் தெரியும். அதில் எந்த எழுத்தும் நிற்காது. 10 அல்லது 12 மணிச் சுற்றாவது வேண்டும். தமிழில் ‘ட’, ‘ப’, ‘ம’ போன்று நேர்கோடுகள் உள்ள எழுத்துகள் எளிதாக வரும். ‘ஞ’, ‘ணி’ போன்றவற்றின் சுழிகளுக்கு இன்னும் அகலம் தேவைப்படும். ஆறு நிறக் குழல் ஒன்றை முடித்தபின், மகளின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். எந்த எழுத்து என்று எழுதினால், கட்டத் தாளில் வரைந்து அனுப்புகிறேன், இடதுகைக்கு ஏற்றபடியே.

அன்புடன்.